பி லைனுக்கும் தொட்டிக்கும் சம தூரம்

டார்ச்சை நேர் கீழே பிடித்தால் வட்டம்.
கொஞ்சம் சாய்த்தால் முட்டை.
சாய்க்கச் சாய்க்க முட்டை நீண்டு
எட்டிமடைப் பக்கம் போகிறது.
பிறகு ஒரே ஒரு சாய்வு இருக்கிறது,
ஒளிக்கூம்பின் மேல்விளிம்பு
தரைக்கு இணையாகப் படுக்கிற சாய்வு.
அப்போது முட்டை மூடுவதே இல்லை.
பரவளையம்.
மயிரிழை குறைந்தாலும் வாளையார் அணைக்கு அப்பால்
எங்கோ மூடிக்கொள்ளும்.
என் கை நடுங்கும். ஒருமுறையாவது
சரியாகப் பிடித்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கணக்குப் படிப்பை நான்காம் பருவத்தில் விட்டவள்.
வனத்துறையில் தினக்கூலி, இரவுக் காவல்.
பிடியின் கழுத்துப்பட்டை இருபது நிமிடத்துக்கொருமுறை
என் போனில் ஒரு புள்ளி வைக்கும்.
தண்டவாளத்தை நெருங்கினால்
கஞ்சிக்கோட்டுச் சஜீவனைக் கூப்பிட வேண்டும்.
"எவிடயா?" என்பான்.
"நூத்தி நாப்பது" என்பேன்.
அவன் மலையாளத்தில் ரயிலை மெதுவாக்குவான்.

பங்குனியில், தூக்கம் வராமலிருக்க,
ஒன்பது ராத்திரிப் புள்ளிகளை
அரிசிக்கடை காலண்டரின் பின்புறம் குறித்தேன்.
பி லைன் ஒரு கோடு.
தண்ணீர்த் தொட்டி ஒரு புள்ளி.
குடிக்கிற பத்து நிமிடம் தவிர
எங்கே நின்றாலும்
கோட்டுக்கு ஒரு நூல், தொட்டிக்கு ஒரு நூல்,
இரண்டும் ஒரே நீளம்.

தாகத்துக்கு எவ்வளவு கிட்டவோ
அச்சத்துக்கும் அவ்வளவு கிட்ட.
இந்த வாக்கியத்தை அது நடந்து நடந்து எழுதியிருக்கிறது.
பின்னாலேயே வந்த குட்டி அடிக்கோடு போட்டிருக்கிறது.

பாடத்தில் கோட்டுக்கு இயக்குவரை என்று பெயர்.
யார் யாரை இயக்குகிறார்கள் என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.
வளைவு அதைத் தொடவே தொடாது.
தேர்வில் அது ஒரு மதிப்பெண்.

மாசியில் தொட்டி வறண்டிருந்தது.
குவியம் போனால் கோடு மட்டும்தான் மிச்சம்.
வேறொரு பிடியின் குட்டி.
கோப்பில் இருப்பது: ஆண், சுமார் மூன்று வயது, 12.40 வண்டி.

தொட்டி கோட்டிலிருந்து இருநூற்று அறுபது மீட்டர்.
வளைவின் முனை எப்போதும் பாதியில்.
ரேஞ்சருக்கு எழுதினேன்:
தொட்டியை நானூறு தள்ளி வையுங்கள்,
யானை இருநூறு தள்ளிப்போகும்.
சிரிக்காமல் படித்தார், அதுவே பெரிது.
"நானூறு தள்ளுனா கேரளாம்மா" என்றார்.
கோப்பு கோயம்புத்தூர் போயிற்று, பாலக்காடு போயிற்று.
அது நடக்கிற பாதைக்குச் சமன்பாடு கிடையாது.

சித்திரை நாலாம் தேதி சஜீவன் லீவு போட்டான்.
அவன் அளியனின் செங்கல்சூளை டாங்கர்,
வேலந்தாவளத்தில் வாங்கிய பழைய சின்டெக்ஸ், பாதியாய் அறுத்தது.
எந்த ஸ்டேட் என்று கேட்கவேண்டிய ஆள்
அந்நேரம் பரோட்டா சாப்பிடப் போயிருந்தார்.
பழைய தொட்டியின் அடைப்பை நானே பிடுங்கினேன்.
அதற்குத்தான் பயந்தேன்.

மூன்று ராத்திரி அது
ஈர மண்ணைச் சுற்றிச் சுற்றி நின்றது.
ஒரு கணக்கும் இல்லாத புள்ளிகள்.
நான்காம் ராத்திரி
லைனிலிருந்து எழுபது மீட்டரில் நாற்பது நிமிடம்.
நான் காலண்டரைக் கிழிக்கப் போனேன்.

ஐந்தாம் ராத்திரி, 2.20.
"எவிடயா?"
கோட்டுக்கு முந்நூற்று நாற்பத்தொன்று.
புதுத் தொட்டிக்கு முந்நூற்று இருபத்தேழு.
பதினான்கு மீட்டர் பிசகு.
அதில் குட்டியின் பங்கு எவ்வளவோ.

வளைவு திரும்பிச் சென்னை வண்டி
தலைவிளக்கை மரங்கள்மேல் போட்டது.
அந்த விளக்கின் கிண்ணமும் ஒரு பரவளையம்,
குவியத்தில் பல்பு.
அதனால்தான் வெளிச்சம் இவ்வளவு நேராக,
யாரையும் பார்க்காமல் போகிறது.

டார்ச்சை அணைத்தேன்.
"விட்டோ" என்றேன், அவன் மொழியில்.